நெர்ஹா (ஸ்பெயின்): அம்மாவோட ஒரு வாரம், என்னென்ன கவனிக்கணும்?

கேள்வி: ஜூலைல மலாகா ஏர்போர்ட்ல இறங்கி நெர்ஹா போறோம். அம்மா சுத்த சைவம், முட்டியும் வலி. கார் எடுக்கல. எப்படிப் போறது, சாப்பாட்டுக்கு என்ன வழி, குகைக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போலாமா?

கடலோரம்: நெர்ஹாவுக்கு ரயில் கிடையாது. ஏர்போர்ட்டுலேர்ந்து ஆல்சா கம்பெனியோட நேரடி பஸ் நாளுக்குச் சிலதுதான். அது ஒத்துவரலைன்னா ஏர்போர்ட்லேர்ந்து சி1 லோக்கல் ரயில்ல ஏறி மலாகா ஊர்ல இருக்கிற மரியா சம்ப்ரானோ ஸ்டேஷன்ல இறங்குங்க, பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே. அதே லைன்ல எதிர்ப்பக்க ரயில் ஃபுவெங்கிரோலா போயிடும், பிளாட்பாரத்துல போர்டைப் பார்த்து ஏறுங்க. ஜூலைல பஸ் நிறைஞ்சிடும், டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைன்ல எடுத்திடுங்க. ஏடிஎம்ல உங்க நாட்டுப் பணத்துல கணக்குப் போடவான்னு கேட்டா வேண்டாம்னு அமுக்கி, யூரோலயே எடுங்க. இல்லன்னா ரேட்ல அடிச்சிடுவாங்க.

பச்சைமிளகாய்: சாப்பாடுதான் கவனிக்க வேண்டிய விஷயம். "இறைச்சி வேண்டாம்"னு மட்டும் சொன்னா சாலட்ல சூரை மீன் வந்துடும். சல்மோரேஹோங்கற குளிர்ந்த தக்காளி சூப்மேல ஹாமும் (பன்றி இறைச்சி) முட்டையும் தூவுவாங்க. "சோய் வெஹெத்தாரியானா, சின் ஹமோன், சின் அதூன், சின் வேவோ" (நான் சைவம், ஹாம், சூரை மீன், முட்டை எதுவும் வேண்டாம்)னு அம்மாவுக்கு ஒரு தாள்ல ஸ்பானிஷ்ல எழுதிக் கொடுத்திடுங்க. பார்ல டிரிங்க் சொன்னா பல இடத்துல தபாங்கற சின்னத் தட்டு நொறுக்குத்தீனி இலவசமா வரும், ஆர்டர் பண்றப்பவே சைவம்னு சொல்லணும்.

நம்பிச் சாப்பிட அஹோபிளாங்கோ நல்லது: பாதாம், பூண்டு, ரொட்டி அரைச்ச குளிர்ந்த சூப், மேல திராட்சை. கத்திரிக்காய் பொரிச்சு கரும்புப் பாகு ஊத்தித் தர்றதும் அருமை. அந்தப் பாகு பக்கத்து ஊரான ஃப்ரிஹிலியானாலயே காய்ச்சுறாங்க. ஆனா கடற்கரைக் கடைகள்ல மீன் பொரிச்ச அதே எண்ணெயில கத்திரிக்காயையும் போடுவாங்க, கேட்டுக்கிட்டு வாங்குங்க. நிறைய கிச்சன் நாலு மணிக்கு மூடினா எட்டுக்குத்தான் திறக்கும். ரூம்ல பழம், ரொட்டி வச்சிக்கோங்க.

மாரோ: குகைக்கு அம்மா வேண்டாம். உள்ளே படி ஏறி இறங்கிக்கிட்டே இருக்கணும், ஈரத்துல வழுக்கும். 1959ல கண்டுபிடிச்ச அந்தக் குகை ஊருக்கு வெளியே மாரோங்கற கிராமத்துல இருக்கு. நீங்க டிக்கெட்ல இருக்கிற நேரத்துக்குப் போங்க. அங்க கிடைச்ச பொருட்களை நெர்ஹா ஊருக்குள்ள பிளாசா தே எஸ்பான்யா சதுக்கத்துல இருக்கிற மியூசியத்துல அம்மா நிதானமா பார்க்கலாம். புர்ரியானா கடற்கரைக்கு இறங்குறது சுலபம், திரும்பி ஏறுற மேடு முட்டியைக் கொன்னுடும். டாக்ஸி பிடிச்சிடுங்க.

கடலோரம்: இன்னொண்ணு, ஜெல்லி மீன். சிவப்புக் கொடி இருந்தா கடல்ல இறங்காதீங்க, ஜெல்லி மீன் படம் போட்ட வெள்ளைக் கொடி இருந்தாலும் தண்ணியை விட்டு விலகியே இருங்க. பட்டுட்டா நல்ல தண்ணி, வினிகர் ரெண்டும் ஊத்தக் கூடாது. தோல்ல ஒட்டியிருக்கிற கொட்டும் செல்கள் இன்னும் வெடிச்சு விஷம் இறங்கும். தேய்க்காம கடல் தண்ணியிலயே கழுவி, ஒட்டின நூல்களைச் சாமணத்தால எடுங்க. அப்புறம் ஐஸைத் துணியில சுத்தி வைங்க, நேரா தோல்ல வேண்டாம். லைஃப்கார்டு கூண்டுல முதலுதவி கிடைக்கும். மூச்சுத் திணறினா உடனே 112.