வெளிநாட்டு விருந்தினரின் சகுன நம்பிக்கைகள்: அறை எண், பூ, பழம், பரிசு எதில் கவனம் வேண்டும்?

குன்னூர்க்காரி:
குன்னூரில் ஒரு பழைய பங்களாவை 14 அறை ஹோம்ஸ்டேயாக மாற்றும் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. கதவுக்கு எண் பலகை எழுதக் கொடுக்க வேண்டும். ஜப்பான், கொரியா, தைவான், ரஷ்யா, பிரான்ஸ், இங்கிலாந்து என்று பல நாட்டவர் விசாரித்திருக்கிறார்கள். நம்மூர் சகுனம் நமக்குத் தெரியும், அவர்கள் ஊர் நம்பிக்கைகளில் விடுதிக்குப் பொருந்துபவை எவை? "13 ஆகாது" என்பதோடு நிறுத்தாமல், எதை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, ஏன் என்று விவரமாகச் சொல்லுங்கள். வந்ததும் பூங்கொத்தும் பழத்தட்டும், கிளம்பும்போது ஒரு சின்னப் பரிசும் கொடுப்பதாகத் திட்டம்.

லவ்டேல் ரிசப்ஷன்:
பலகை எழுதுவதற்கு முன்பே கேட்டது நல்லதுங்க அக்கா. எண்ணில்தான் சிக்கல் அதிகம்.

சீனம், ஜப்பான், கொரிய மொழிகளில் நான்கைக் குறிக்கும் சொல்லும் சாவைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி. கொரியாவில் பல கட்டடங்களின் லிஃப்டில் 4 இருக்க வேண்டிய இடத்தில் எஃப் என்ற எழுத்து இருக்கும். ஜப்பானியருக்கு 9-ம் ஆகாது, "கு" என்ற ஒலி துன்பத்தையும் குறிக்கும். 13 ஐரோப்பா, அமெரிக்கா முழுக்கத் தெரிந்தது. இத்தாலியருக்கோ 17. ரோமன் எண்ணில் 17 என்று எழுதி எழுத்துகளை இடம் மாற்றினால் "வாழ்ந்து முடித்தேன்" என்று பொருள் தரும் லத்தீன் சொல் வந்துவிடும். லுஃப்தான்சா விமானங்களில் 13, 17 இரண்டு வரிசையுமே கிடையாது.

பலர் தவறு செய்யும் இடம் இதுதான்: 13-ஐ எடுத்துவிட்டு அதே அறைக்கு 14 என்று போடுவார்கள். வெள்ளைக்காரருக்குச் சரியாகிவிடும். கான்டனீஸ் பேசும் ஹாங்காங் விருந்தினருக்கு 14 என்பது "நிச்சயம் சாவு" என்று காதில் விழும். 12ஏ என்று எழுதினாலும் பலனில்லை, அது 13 என்று எல்லோருக்கும் தெரியும். 8 இன்னொரு விதம். நம்மில் எண்கணிதம் பார்ப்பவர்கள் அதைச் சனியின் எண் என்று ஒதுக்குவார்கள். சீனருக்கு அது செல்வம் பெருகும் எண். பெய்ஜிங் ஒலிம்பிக்கைத் தொடங்கியதே 2008 ஆகஸ்ட் 8, இரவு 8 மணிக்கு.

4, 9, 13, 14, 17 ஐந்தையும் கழித்தால் உங்கள் 14 அறைக்கு எண்கள் 1, 2, 3, 5, 6, 7, 8, 10, 11, 12, 15, 16, 18, 19 என்று வரும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாகச் சேரும் பணியாள் 4-ஐத் தேடுவார். அவசரத்தில் "எத்தனை அறை" என்று கேட்டால் 19 என்று சொல்லிவிடுவார். அதனால் கதவில் எண்ணே வேண்டாம், பெயர் வையுங்கள்: குறிஞ்சி, செண்பகம், நாவல், காட்டுப்பூவரசு என்று மலை மரமும் செடியுமாகப் பதினான்கு கிடைக்கும். 1 முதல் 14 வரையிலான வரிசை எண் மின் பலகையிலும், தீ விபத்து வழிகாட்டி வரைபடத்திலும், உங்கள் பதிவேட்டிலும் மட்டும் இருக்கட்டும். சாவியில் கோக்கும் வில்லையிலும் பெயர்தான் வேண்டும், எண் கூடாது. இல்லாவிட்டால் கதவில் மறைத்ததை நீங்களே கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னும் ஒன்று. கவுண்டரில் சிவப்பு மை பேனா வைக்காதீர்கள். கொரியர்கள் உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுத மாட்டார்கள், அது இறந்தவர் பெயருக்கு. விருந்தினர் பெயரைப் பதிவேட்டில் சிவப்பில் வட்டமிடுவதும் வேண்டாம்.

கோத்தகிரி கொய்மலர்:
பூ பற்றி நான் சொல்கிறேன். முதலில் ஒரு பொது விதி: அவரவர் ஊரில் இழவு வீட்டில் எது நடக்கிறதோ அதை வரவேற்பில் செய்யக் கூடாது. இது பிடிபட்டால் பாதிப் பட்டியலை நீங்களே ஊகித்துவிடலாம்.

சாமந்தி நமக்கு மங்கலப் பூ. பிரான்ஸில் நவம்பர் 1 ஒட்டிக் கல்லறைகளில் வைக்கும் பூ அதுதான். இத்தாலி, பெல்ஜியத்திலும் அப்படியே. ஜப்பானில் வெள்ளைச் சாமந்தி சாவுக்கு உரியது. ஆகவே பூங்கொத்தில் சாமந்தி வேண்டவே வேண்டாம், மஞ்சள் வெள்ளை எதுவாக இருந்தாலும். இங்கிலாந்தில் வெள்ளை லில்லியை இறுதிச் சடங்கோடு சேர்த்துப் பார்ப்பார்கள். சிவப்பும் வெள்ளையும் மட்டும் கலந்த கொத்தை அங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டார்கள், ரத்தமும் கட்டுத்துணியும் என்பார்கள்.

எண்ணிக்கை ரஷ்யருக்கு மிக முக்கியம். இரட்டைப்படைப் பூ இறந்தவருக்கு, ஒற்றைப்படை உயிரோடு இருப்பவருக்கு. மொய்க் கவருக்கு 101, 501 என்று வைக்கும் நமக்கு இது எளிதில் பழகிவிடும். மஞ்சள் பூ அவர்களுக்குப் பிரிவின் அடையாளம்.

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கொத்து வேண்டுமானால், இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு ஜெர்பெரா 5 தண்டு. 4-ம் இல்லை, 9-ம் இல்லை, ஒற்றைப்படையும் ஆயிற்று. கொத்து கட்டும்போது ஒரு தண்டு உடைந்தால் நாலை அப்படியே கொடுத்துவிடுவது வழக்கம். அங்கேதான் கெடும். ஐந்து கட்ட ஆறாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று மாற்றுக்கு. சுற்றும் தாளும் வெள்ளையோ கறுப்போ வேண்டாம்.

ஊட்டி ஜானகிராமன் ரசிகர்:
பழத்தட்டில் ஒரு எச்சரிக்கை. ஆடி, ஆவணியில் பேரிக்காய் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை நறுக்கி, இருவருக்கும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள். சீன மொழியில் பேரிக்காயைப் பங்கிடுவதும் பிரிந்து போவதும் ஒரே ஒலி. தேனிலவுக்கு வந்த தைவான் தம்பதிக்கு அது ரொம்பவே உறுத்தும். ஆளுக்கு ஒரு முழுப்பழம், பக்கத்தில் கத்தி என்று வைத்தால் குறை வராது.

சாப்பாட்டு மேசையில் மூன்று விஷயம். ஜப்பானியரின் சோற்றுக் கிண்ணத்தில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை அது. நம் ஊரில் தலைமாட்டில் படி அரிசியில் ஊதுபத்தி குத்துவதை நினைத்தால் உடனே விளங்கும். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் கிடையாது. தகனத்துக்குப் பின் எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள். குச்சிகளைக் கிண்ணத்துக்கு முன்னால் படுக்க வையுங்கள். பிரெஞ்சுக்காரர் மேசையில் ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள். பேக்கரிக்காரர் மரண தண்டனையில் தலை வெட்டுபவருக்கு ஒதுக்கும் ரொட்டியைக் கவிழ்த்து வைப்பார் என்பது அங்கே வழங்கும் கதை. மூன்றாவது, ஒரே மேசையில் 13 பேர். லண்டன் சவாய் ஹோட்டலில் இதற்காகவே காஸ்பர் என்ற மரப் பூனையைப் பதினான்காவது நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தில் துண்டும் கட்டுவார்கள். உங்களுக்குப் பூனை தேவையில்லை, மேசையை 7, 6 என்று இரண்டாகப் போட்டால் முடிந்தது.

குடையை மறக்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைந்த குடையை ஹாலில் விரித்துக் காய வைப்பது நம் வழக்கம். வீட்டுக்குள் குடை விரிப்பது ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் ஆகாது. போர்ட்டிகோவில் குடைத்தாங்கி ஒன்றும், அடியில் தண்ணீர் வடியத் தட்டும் வையுங்கள். துடைத்த ஷூவை மேசை மேல் வைப்பதும் இங்கிலாந்தில் ஆகாது. ரூம் பாய் தம்பிகளிடம் சொல்லி வையுங்கள்.

குன்னூர்க்காரி:
மிக்க நன்றி. பெயர்ப் பலகைதான் என்று முடிவாகிவிட்டது. கட்டில் எந்தத் திசையில் போடுவது? கொரியர்கள் ஃபேன் விஷயத்தில் பயப்படுவார்கள் என்கிறார்களே, அது என்ன?

வட்டக்கானல் கைடு:
கட்டிலுக்கு நம் பாட்டி சொன்னதே ஜப்பானியருக்கும் பொருந்தும்: வடக்கே தலை வைக்கக் கூடாது. புத்தர் வடக்கே தலை வைத்துப் பரிநிர்வாணம் அடைந்தார். அதனால் அங்கே இறந்தவரை அப்படிக் கிடத்துவார்கள், உயிரோடு இருப்பவர் தவிர்ப்பார். சீனர்கள் கால் நேராக வாசலைப் பார்த்து இருப்பதை விரும்ப மாட்டார்கள், பிணத்தை அப்படித்தான் வெளியே எடுப்பார்கள் என்று. கிழக்கே தலை, கால் வாசலுக்கு நேராக இல்லாமல் சற்று விலகி என்று போட்டால் எல்லோருக்கும் சரி. கட்டிலுக்கு நேர் எதிரே கண்ணாடியும் வேண்டாம்.

தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் விருந்தினர் சிலர் காலி அறைக்குள் போகும் முன் கதவைத் தட்டுவார்கள், உள்ளே ஏதாவது இருந்தால் விலகட்டும் என்று. பெட்டி தூக்கி வரும் பையன் "உள்ளே யாரும் இல்லை" என்று திறந்துவிடாமல் ஒரு நிமிடம் நிற்கட்டும். வராண்டாவின் கடைசி அறையை மாற்றிக் கேட்டாலும் அதே காரணம்தான்.

மூடிய அறையில் ஃபேன் ஓடினால் தூக்கத்தில் உயிர் போகும் என்பது கொரியாவில் பரவலான பயம். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. நம் மலையில் மூடிய அறைக்கு உண்மையான எமன் வேறு: குளிருக்காக உள்ளே வைக்கும் கரி அடுப்பு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, தூங்குபவர் எழவே மாட்டார். யார் கேட்டாலும் அறைக்குள் கரி அடுப்பு கொடுக்காதீர்கள். கணப்பு இருந்தால் சீசனுக்கு முன் புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள், ஜன்னலில் நாலு விரல் இடைவெளி நிரந்தரமாக இருக்கட்டும், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள்.

வட்டக்கானல் பக்கம் இஸ்ரேலியர் நிறைய வருவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். யூத மரபில் ஆட்களை விரல் நீட்டி "ஒன்று, இரண்டு" என்று எண்ண மாட்டார்கள். எல்லோரும் இதைப் பார்ப்பதில்லை, பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "லாபம்" என்று சொல்கிறோமே, அந்த வகை. டிரெக்கிங்கில் தலை எண்ணாமல் இருக்க முடியாது. ஆளுக்கொரு டோக்கன் கொடுத்து, திரும்பும்போது டோக்கனை எண்ணுங்கள்.

பிறந்தநாள் கேக்கை ஜெர்மானியருக்கும் ரஷ்யருக்கும் முதல் நாள் மாலையே வெட்டவிடக் கூடாது. முன்கூட்டி வாழ்த்துவது கெடுதல் என்பார்கள். நள்ளிரவு 12 தாண்டட்டும்.

லவ்டேல் ரிசப்ஷன்:
இப்படி எல்லோர் நம்பிக்கைக்கும் வளைந்து கொடுத்தால் மூடநம்பிக்கையை வளர்ப்பதாகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெரியார் பிறந்த மண்ணில் அது நியாயமான கேள்வி. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கடவூர் காட்டுயிர்:
யாருக்கும் கேடில்லாத இடத்தில் வளைந்து கொடுப்பது உபசாரம். கேடு வரும் இடத்தில் கறாராக மறுக்க வேண்டும். நான் பார்க்கும் கோடு இதுதான்.

மடகாஸ்கரில் ஐ-ஐ என்றொரு விலங்கு, தேவாங்குக்கு உறவுமுறை. அதன் நீண்ட மெல்லிய நடுவிரல் யாரைச் சுட்டுகிறதோ அவர் சாவார் என்று நம்பிக் கண்டதும் கொல்வார்கள். அந்த விரல் உண்மையில் மரத்தைத் தட்டி, உள்ளே இருக்கும் புழுவைக் கிளறி எடுக்க. நம் தேவாங்கையும் மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் என்று பிடித்து வதைத்தவர்கள் உண்டு. அதைக் காக்கத்தான் 2022-ல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்கு, ஆந்தை, நரிக்கொம்பு என்று யாராவது உங்கள் விருந்தினரிடம் பேரம் பேசினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மயிலிறகு தனிக் கதை. நமக்கு முருகன் வாகனம், பழனிக்குப் போனால் கையில் ஒரு கட்டு இருக்கும். பழைய தலைமுறை ஆங்கிலேயர் அதை வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள், அதிலுள்ள கண் தீய கண் என்பார்கள். அதைவிடப் பெரிய காரணம், மயிலிறகை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை. பரிசாகக் கொடுத்தால் விமான நிலையத்தில் அவர்தான் மாட்டுவார்.

திருஷ்டிப் பூசணிக்காயையும் வாசலுக்கு வெளியே சாலை வளைவில் உடைக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் அந்தச் சதையும் விதையும் மழையோடு சேர்ந்தால் இரு சக்கர வண்டி நிற்காது. உங்கள் வளாகத்துக்குள் உடைத்து உடனே அள்ளிவிடுங்கள்.

கோத்தகிரி கொய்மலர்:
பரிசு விட்டுப்போனது. கடிகாரம், குடை, கத்தி, கைக்குட்டை நான்கும் வேண்டாம். கடிகாரம் கொடுப்பது சீன மொழியில் இறுதிக் கடன் செய்வதற்கு ஒத்த ஒலி. குடை பிரிவு, கத்தி உறவை வெட்டும், கைக்குட்டை கண்ணீருக்கு. தோடர் பூத்தையலில் கைக்குட்டை இருந்தாலும் அதை விட்டுவிட்டு, அதே பூத்தையல் போட்ட சின்னப் பை வாங்குங்கள். 2013-லேயே புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு, விற்பவரிடம் அந்தச் சான்றைக் கேட்டு வாங்கலாம்.

எளிதானது நீலகிரித் தேயிலை. நாலு பொட்டலம் அடங்கிய பெட்டிதான் கடையில் முதலில் நீட்டுவார்கள், அதை விட்டு மூன்றோ ஐந்தோ உள்ளதைக் கேளுங்கள். சிவப்பு அல்லது மஞ்சள் தாளில் சுற்றி, ரஷ்யருக்கு வாசற்படிக்கு மேலே கை நீட்டிக் கொடுக்காமல், ஒன்று நீங்கள் உள்ளே போய்க் கொடுங்கள், அல்லது அவர் வெளியே வந்த பிறகு கொடுங்கள்.