வண்டி மேடு ஏறவில்லை, அவசரம்

பாகாயம்_பையன்: வேலை முடித்து எடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. சமதள ரோட்டில் பரவாயில்லை, ஆனால் 60 தாண்டாது. நேற்று ஏலகிரி ஏறினால் மூன்றாவது வளைவிலேயே சுத்தமாக இழுவை இல்லை, திரும்பிவிட்டோம். ஞாயிறு அத்தையைக் கூட்டிக்கொண்டு மறுபடி போக வேண்டும். என்ன கோளாறு?

காட்பாடி_தம்பி: என்ன வண்டி அண்ணே? என்ன வேலை பார்த்தார்கள்? பெட்ரோலா டீசலா?

பழைய_இரும்பு: நூறு முறை சொல்லியாகிவிட்டது. ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) இறக்கினால் டைமிங் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) போகும். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பார்கள். இதுகூடத் தெரியாமல் வண்டி வைத்திருக்கிறீர்கள்.

காட்பாடி_தம்பி: அவர் ஹெட் இறக்கியதாக இன்னும் சொல்லவே இல்லையே சார்.

பாகாயம்_பையன்: சாரி, அவசரத்தில் விட்டுவிட்டேன். 87 மாடல் பத்மினி கார், பெட்ரோல். ஹெட் கேஸ்கெட் மாற்றி வால்வு கிரைண்டிங் செய்தார்கள். அப்புறம் கொஞ்சம் டிங்கரிங்.

பழைய_இரும்பு: சொன்னேனா இல்லையா.

சத்துவாச்சாரி_வெயில்: எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் செய்கிற வேலை. பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது. போதாததற்கு நம் ஊர் வெயில், பெட்ரோல் பம்ப்பிலேயே ஆவியாகிவிடும். ஈரத்துணி சுற்றுங்கள்.

காட்பாடி_தம்பி: வேலைக்கு முன்பும் அதே பெட்ரோல்தானே போட்டிருப்பார்?

பாகாயம்_பையன்: ஆமாம். காலை 6 மணிக்கு எடுத்தாலும் இப்படித்தான்.

ஆற்காடு_மக்கன்பேடா: நம் மாவட்டத்திலேயே அந்த ஏற்றம் கொஞ்சம் கடினம்தான், 14 கொண்டை ஊசி வளைவு.

சத்துவாச்சாரி_வெயில்: ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 2019-லேயே பிரித்துவிட்டார்கள். உங்கள் ஆற்காடும் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது.

ஆற்காடு_மக்கன்பேடா: எனக்கு எல்லாம் வட ஆற்காடுதான்.

சத்துவாச்சாரி_வெயில்: அப்படியானால் திருவண்ணாமலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1989-இல் பிரிந்தது அதுவும்.

1089சிசி: வரைபடத்தைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். தம்பி, இன்ஜின் சூடாகிறதா? மிஸ் ஆகிறதா (விட்டுவிட்டு ஓடுகிறதா)? பெட்ரோல் அதிகம் குடிக்கிறதா? ஓடி நிறுத்தியதும் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா?

பாகாயம்_பையன்: சூடில்லை. மிஸ் இல்லை, சத்தம் முன்பைவிட நன்றாக இருக்கிறது. பெட்ரோலும் அதிகம் இல்லை. சக்கரம் சாதாரணமாகத்தான் இருக்கிறது.

1089சிசி: சக்கரம் சூடாகவில்லை என்றால் பிரேக் பிடித்துக்கொள்ளவில்லை. டைமிங் பின்தங்கியிருந்தால் சூடேறும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். பிளக் ஒயர் மாறியிருந்தால் (சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2) நிறுத்தி வைத்த இடத்திலேயே உதறும். உங்கள் இன்ஜின் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, அதற்குக் கிடைக்கிற காற்றும் பெட்ரோலும்தான் குறைச்சல். ஹெட்டை ஏற்றும்போது கார்புரேட்டரையும் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்புவது) அதை மிதியோடு இணைக்கும் ஆக்சிலேட்டர் லிங்க்கையும் கழற்றித்தான் மாட்டியிருப்பார்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஒருவரை ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வழியைத் திறந்து மூடுகிற பட்டர்ஃப்ளை தகடு முழுக்கத் திறந்து செங்குத்தாக நிற்க வேண்டும். மிதிப்பவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தே மிதிக்கட்டும், கையால் லிங்க்கை இழுத்துப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பழைய_இரும்பு: லிங்க் எல்லாம் கடைசியாகப் பார்ப்பது. டைமிங் லைட் வைத்துப் பார்க்கவும்.

(மறுநாள்)

பாகாயம்_பையன்: பாதிதான் திறந்தது. லிங்க் சரிதான். டிங்கரிங் கடையில் தடிமனாகப் புது ரப்பர் மேட் போட்டுக் கொடுத்தார்கள், அது மிதிக்கு அடியில் மடிந்து முட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்துவிட்டேன், 80 போகிறது. நன்றி அண்ணா.

காட்பாடி_தம்பி: மேட் மாற்றியதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணே!

பழைய_இரும்பு: டைமிங்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.