91 வயது வரை வாழ்ந்த அப்பாவைப் பற்றி நினைவு ஆராதனையில் எப்படிப் பேசுவது?

கேள்வி (மூத்த மகள்)

எங்கள் அப்பா கடந்த வாரம் தமது 91ஆவது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் நடக்கவிருக்கும் நினைவு ஆராதனையில் குடும்பத்தின் சார்பில் பேசும் பொறுப்பை, அம்மாவும் உடன்பிறந்தவர்களும் மூத்தவளான என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் பிறந்த ஆண்டு, வேலை, திருமணம், சபையில் வகித்த பொறுப்புகள் என்று விண்ணப்பப் படிவம்போல வருகிறதே தவிர, அதில் அப்பாவைக் காணோம். கிழித்துவிட்டு மறுபடி எழுதினால், குறையே இல்லாத ஒரு பரிசுத்தவானின் சரித்திரமாகிவிடுகிறது. அப்பா உயிரோடிருந்து அதைக் கேட்டால் கூச்சப்பட்டு எழுந்து போயிருப்பார்.

எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. அப்பா கண்டிப்பானவர். தம்பி சபையை விட்டு விலகிய பிறகு, ஒன்பது ஆண்டுகள் அவனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை; கடைசி இரண்டு ஆண்டுகளில்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். ஆராதனைக்குத் தம்பியும் வருகிறான். இதைச் சொல்லாமல் விட்டால் மனச்சாட்சி உறுத்துகிறது, சொன்னால் அம்மா உடைந்துபோவாரோ என்று பயமாக இருக்கிறது. இப்படிப்பட்ட பொறுப்பை நிறைவேற்றியவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற போதகர்)

சகோதரி, உங்கள் துக்கத்தில் கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக. பல ஆண்டுகள் அடக்க ஆராதனைகளை நடத்தியவன் என்கிற முறையில், வேதமே முதியவர்களை எப்படி நினைவுகூருகிறது என்பதை உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். யாக்கோபு 147 ஆண்டுகள் வாழ்ந்தார். சகோதரனுக்குப் பயந்து ஓடியது, மாமனிடம் உழைத்தது, மகன் யோசேப்பை இழந்துவிட்டதாக எண்ணி அழுதது, அந்த மகனை எகிப்தில் மீண்டும் கண்டது என்று அவருடைய வாழ்க்கையில் எத்தனையோ இருக்க, எபிரெயர் 11ஆம் அதிகாரம் அவரைப் பற்றி ஒரே வசனத்தில் ஒரே ஒரு காட்சியைத்தான் சொல்கிறது: மரணவேளையில் யோசேப்பின் இரண்டு குமாரரையும் ஆசீர்வதித்து, கோலின் முனையில் சாய்ந்து தொழுதுகொண்டார். உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒரு காட்சி இருக்கும். அதை முதலில் கண்டுபிடியுங்கள். பதவிகளும் தேதிகளும் ஆராதனை அட்டையில் இருந்தால் போதும்.

குறைகளைச் சொல்லத் தயங்குகிறீர்கள். விசுவாசிகளின் தகப்பன் என்று நாம் அழைக்கிற ஆபிரகாம் பயத்தினால் தம் மனைவியைச் சகோதரி என்று இரண்டு இடங்களில் சொன்னதை வேதம் மறைக்கவில்லை. அவர் 175ஆம் வயதில் இறந்தபோது, அந்த வீட்டிலிருந்து அனுப்பிவிடப்பட்ட மகன் இஸ்மவேலும், வீட்டிலேயே வளர்ந்த மகன் ஈசாக்கும் சேர்ந்து அவரை மக்பேலா குகையில் அடக்கம்பண்ணினார்கள் என்று ஆதியாகமம் 25 சொல்கிறது. பழைய வழக்குகள் எதையும் அந்த இடத்தில் கிளறாமல், இருவரின் பெயரையும் ஒன்றாக எழுதிவிட்டு அது கடந்துபோகிறது. நீங்களும் அந்த ஒன்பது ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் உண்மையாகச் சொல்லலாம் என்றே நினைக்கிறேன்.

பதில் (தந்தைக்காகப் பேசிய ஒரு மகன்)

அக்கா, மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் நான் நின்றேன். என் அனுபவத்தில், "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லவர், பக்தியுள்ளவர்" என்றுதான் சொல்வார்கள், "அப்பா தினமும் என்ன செய்வார்?" என்று கேட்டால்தான் மனிதர் வெளியே வருவார். என் அப்பா குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் பெயர் சொல்லி, வயது வரிசையில் ஜெபிப்பார். புதிதாக ஒரு பிள்ளை பிறந்தால், அன்றிரவே அந்த வரிசையின் கடைசியில் ஒரு பெயர் கூடிவிடும். முழங்கால் மடக்க முடியாமல் போன பிறகு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். மறதி வந்த பிறகு எங்களில் சிலரை முகம் பார்த்து அடையாளம் தெரியவில்லை, ஆனால் ஜெபத்தில் அந்த வரிசை கடைசிவரை குலையவில்லை. நான் பேசியது இந்த ஒன்றைத்தான்.

அவருடைய வேதாகமத்தை எடுத்து நிதானமாகப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். ஓரங்களில் என்ன எழுதியிருக்கிறார், எந்தப் பக்கத்தின் முனை விரல்பட்டுக் கறுத்திருக்கிறது என்பதெல்லாம், யாருக்கும் சொல்லாமல் அவர் எழுதிவைத்த சுயசரிதை. எழுதியதை வீட்டில் இரண்டுமுறை சத்தமாக வாசித்துவிடுங்கள். பிரதி ஒன்று வேறொருவர் கையிலும் இருக்கட்டும், குரல் உடைந்தால் அவர் தொடரலாம். பத்து நிமிடங்களுக்கு மேல் வேண்டாம்.

பதில் (ஒரு பேத்தி)

போதகர் ஐயா சொன்னதில் ஓரிடத்தில் மட்டும் மரியாதையோடு வேறுபடுகிறேன். அந்த ஒன்பது ஆண்டுகள் உங்கள் தம்பிக்கும் சொந்தமானவை. அவருடைய சம்மதம் இல்லாமல், அவர் பதில் பேச முடியாத ஒரு மேடையில், ஒரு வாக்கியம் சொன்னாலும் அது அவரைச் சபையின் முன் நிறுத்தியதாகிவிடும். முதலில் அவரிடம் போங்கள் அக்கா, எழுதிய தாளோடு போகாமல் வெறுங்கையோடு போங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாத்தாவின் நினைவு ஆராதனையில் பேசிய அத்தனை பேரும் அவருடைய விருந்தோம்பலைப் புகழ்ந்தார்கள். அறிவிக்காமல் வந்த அத்தனை விருந்தினருக்கும் சமைத்த பாட்டியின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. பாட்டி எதுவும் கேட்கவில்லை, ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அதனால் எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து, அப்பாவைப் பற்றி அவர் மட்டுமே அறிந்தது என்ன என்று கேளுங்கள்.

மறுபடியும் மூத்த மகள்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் கேட்டேன். திருமணமான முதல் வாரத்திலேயே, "எனக்குக் கோபம் வந்தால் ஜெபத்துக்கு முன் என்னிடம் சொல்லிவிடு, கோபத்தோடு என்னை முழங்காலில் நிற்கவிடாதே" என்று அப்பா கேட்டுக்கொண்டாராம். 62 ஆண்டுகளில் எத்தனை முறை அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்று கேட்டேன், அம்மா சிரித்துவிட்டார். அப்பா போன பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் முறை. இதைச் சபையில் சொல்ல அனுமதி கொடுத்துவிட்டார்.

அப்பாவின் வேதாகமத்தைத் தனியாகப் பார்க்காமல் தம்பியின் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகளின் ஞானஸ்நானத் தேதிகள், வீடு கட்டத் தொடங்கிய நாள், அம்மாவின் அறுவைச் சிகிச்சை என்று பல இடங்களில் பென்சிலால் குறித்திருந்தார். பக்கங்களைப் புரட்டியது தம்பிதான். இரண்டு சாமுவேல் 18ஆம் அதிகாரத்தில், தனக்கு விரோதமாக எழும்பிய மகன் அப்சலோமிடம் கடுமை காட்டாமல் நடந்துகொள்ளும்படி தாவீது தன் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிடும் வசனத்தில், "மெதுவாய்" என்ற ஒரு சொல்லின் கீழ் மட்டும் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு தேதி எழுதியிருந்தார். தம்பி வீட்டை விட்டுப் போன மாதம் அது. அவன் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இதை நீ சொல்லாதே அக்கா, இந்தப் பகுதியை நானே வாசிக்கிறேன்" என்றான்.