உறையுலர் கஷாயம்: ‘உறைவற்றல் சத்து’ ஏன் வேண்டாம்

ஐயா, வணக்கம்.

அமேசானில் ஒரு கொடியையும் ஓர் இலையையும் சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கும், மனத்தை மாற்றும் கஷாயமான அயாவாஸ்காவை உறைய வைத்து நீர் நீக்கி எடுக்கும் பொடிக்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காக ‘உறைவற்றல் சத்து’ என்று நீங்கள் சொன்னது வாயில் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் அதன் இரண்டு பாதியிலும் எனக்குத் தகராறு இருக்கிறது.

முதலில் வற்றல். சுண்டைக்காய் வற்றலை விடுங்கள், நம் வைத்திய வழக்கில் கஷாயம் வற்றுவது அடுப்பில்தான். எட்டுக்கு ஒன்றாய் வற்றக் காய்ச்சி என்றாலே தீ உள்ளே வந்துவிடுகிறது. அமேசானிலும் அந்த வேலை அடுப்பிலேயே முடிந்துவிடுகிறது. பிரேசிலில் இதைச் சடங்காகக் குடிக்கும் சாந்தோ தைமே என்ற சமய மரபில் ஆண்கள் மரச் சம்மட்டியால் கொடியை நார் நாராக இடிக்க, பெண்கள் இலையைப் பொறுக்கிச் சுத்தம் செய்து தர, இரண்டையும் பெரிய அண்டாவில் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சி வடிக்கிறார்கள். ஆய்வகத்தில் நடப்பது வேறு. வடித்த கஷாயத்தை உறைய வைத்து, காற்றழுத்தத்தை 611 பாஸ்கலுக்கும் கீழே இறக்கினால் பனிக்கட்டி உருகாமலே நேராக ஆவியாகிப் போய்விடும், சூடு படாததால் மற்றதெல்லாம் அப்படியே தங்கும். இன்ஸ்டன்ட் காபியில் விலை கூடிய வகை இப்படித்தான் வருகிறது. அதனால் ‘உலர்’ போதும், ‘வற்றல்’ வேண்டாம்.

பனி நேராக ஆவியாவது பள்ளிப் புத்தகத்தில் பதங்கமாதல்தானே, ‘பதங்க உலர்த்தல்’ என்றே வைக்கலாமே என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். இயற்பியல் சரி. ஆனால் சித்த மருத்துவத்தில் பதங்கம் என்றால் மருந்தே ஆவியாகி மேல் சட்டியில் போய்ப் படிவது. இங்கே போவது நீர், நிற்பது மருந்து. தலைகீழ்!

சரி, சத்து. இதுதான் எனக்குப் பெரிய ஆட்சேபம். சத்து என்றவுடன் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்த நினைப்பு வருகிறது. அயாவாஸ்காவில் அப்படிப் பிரித்தால் கதையே போச்சு. இலையில் இருக்கும், மனத்தை மாற்றும் பொருளான டி.எம்.டி.யைத் தனியாக விழுங்கினால் குடலிலும் ஈரலிலும் உள்ள எம்.ஏ.ஓ. நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியில் உள்ள ஹார்மின் வகை ஆல்கலாய்டுகள் அந்த நொதியைத் தடுப்பதால்தான் மருந்து ஏறுகிறது. ஆக ஆய்வாளருக்கு வேண்டியது முழுக் கஷாயம், நீர் மட்டும் இல்லாமல்.

பார்சிலோனாவில் மருந்தியல் ஆய்வாளர் ஜோர்டி ரிபாவின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தது. பொடியை அளந்து கேப்சூலில் அடைத்து, உடல் எடையில் கிலோவுக்கு 0.5, 0.75, 1 மில்லிகிராம் டி.எம்.டி. என்று கணக்காகக் கொடுத்தார்கள். கோப்பையில் ஊற்றினால் ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் வீரியம் மாறும், அந்தக் கசப்பை வைத்து யாருக்கு மருந்து, யாருக்கு வெற்றுமருந்து (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் போலி மருந்து) என்றும் தெரிந்துபோகும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பிரேசிலின் நட்டால் நகரத்தில் மனச்சோர்வு நோயாளிகள் 29 பேரிடம் செய்த ஆய்வில் திரவத்தையே கொடுத்தார்கள். வெற்றுமருந்துக்குக் கசப்பும் பழுப்பு நிறமும் வர நீரில் ஈஸ்ட், சிட்ரிக் அமிலம், துத்தநாக சல்பேட், கேரமல் நிறமி என்று என்னென்னவோ கலக்க வேண்டியிருந்தது. ஆகவே திரவத்துக்கும் பொடிக்கும் சேர்த்து ஒரே சொல் போட முடியாது.

‘உறையுலர் குடிநீர்’ மரபுப்படி மிகப் பொருத்தம், மறுக்கவில்லை. சித்த நூல்கள் குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம் என்கின்றன, அதையே மாதக்கணக்கில் காப்பது என்ற பொருள் அழகாக உட்காரும். ஆனால் இன்றைக்குக் குடிநீர் என்றால் லாரியில் வருவதுதானே. கியாழம் நல்ல சொல், யாருக்கும் தெரியாது. கஷாயம் பாட்டி முதல் பேரன் வரை தெரியும். வடமொழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

உலர்ந்த கொடிக்கு இந்தச் சொல் பொருந்தாது என்பதையும் குறித்துவிடுகிறேன். ஆங்கிலேயத் தாவரவியலாளர் ரிச்சர்டு ஸ்புரூஸ் 1850-களில் அமேசானிலிருந்து லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பிய கொடித் தண்டுகளை நூறாண்டுக்கும் மேல் கழித்துச் சோதித்தபோது ஆல்கலாய்டு 0.4 விழுக்காடு இருந்தது, புதிதாக எடுத்த கொடியில் 0.5. தண்டு தானாகவே தாங்கும். புளித்துக் கெடுவது கஷாயம்தான், அதனால்தான் இத்தனை பாடு.

கடைசியாக, மனத்தில் மாற்றம் உண்டாக்குவது (psychoactive) என்பதற்கான அடைமொழி. ‘போதைக் கஷாயம்’ என்று போட்டால் ஆய்வுக் கட்டுரை காவல் நிலையக் குறிப்பு மாதிரி ஆகிவிடும். ‘உளத்தூண்டு’ என்றால் தூண்டும் மருந்துகள் மட்டும்தான் அடங்கும். பக்கவிளைவு எல்லார் வாயிலும் இருக்கிறது, அதே அச்சில் ‘மனவிளைவு’ என்றால் விளக்கமே வேண்டாம். மனவிளைவுத் தாவரம், மனவிளைவுக் கஷாயம் என்று ஒட்டவும் வசதி.

பட்டியலில் இப்படிப் போடலாம் என்பது என் கருத்து: செயல் உறையுலர்த்தல், பொருள் உறையுலர் கஷாயம், திரவமாக இருந்தால் வெறும் கஷாயம். பொடியில் மறுபடி நீர் சேர்ப்பதற்கு இன்னும் சொல் அமையவில்லை, ‘மீள்கரைத்தல்’ எனக்கு அரைமனதுதான். யாரிடமாவது நல்லது இருந்தால் போடுங்கள்.