அம்மாவின் பல் சிகிச்சைக்கு 84,000 ரூபாய் எஸ்டிமேட், கையில் 15,000. கடன், இ.எம்.ஐ. இல்லாமல் வழி உண்டா?

வீடூர் அணை:

எல்லாருக்கும் வணக்கம். விழுப்புரம் பக்கம். அம்மாவுக்கு 57 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த கணக்கு இது (முன்னால் இருப்பது பல்லின் எண்):

36 வேர் சிகிச்சை – 6,500
36 ஜிர்கோனியா (பல் நிறப் பீங்கான்) கேப் – 12,000
16 பழைய வேர் சிகிச்சையைத் திரும்பச் செய்ய – 9,000
16 ஜிர்கோனியா கேப் – 12,000
46 உடைந்த வேரை எடுக்க – 1,500
46 இடத்தில் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் திருகு), கேப் சேர்த்து – 38,000
ஈறு ஆழ்சுத்தம் – 5,000

36இல் இரவு வலி. 46இல் வேர் மட்டும்தான் மிச்சம், அவ்வப்போது வீங்கும். 16இல் வலி இல்லை. கையில் 15,000 இருக்கிறது, மாதம் 3,000 ஒதுக்க முடியும். காப்பீடு கிடையாது, கிரெடிட் கார்டு கிடையாது, வட்டிக்கு வாங்கும் எண்ணமும் இல்லை. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடலாம், எங்கே குறைவாக ஆகும்?

பல்லாங்குழி:

முதலில் அந்த எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் வாயின் கால்பகுதி: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. அப்படியானால் 36, 46, 16 மூன்றுமே முதல் பெரிய கடவாய்ப் பல். எந்தக் கிளினிக்கில் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் விலையை ஒப்பிட முடியும்.

வரிசை இதுதான்: சீழ், வலி முதலில். பிறகு ஈறு. பிறகு காப்பாற்றக்கூடிய பல். இல்லாத பல்லுக்கு மாற்று எல்லாவற்றுக்கும் கடைசி. உங்கள் தாளில் கிட்டத்தட்ட பாதிப் பணம் அந்தக் கடைசி வேலைக்குப் போகிறது. இம்ப்ளான்ட் 38,000ஐ இப்போதைக்கு அடித்துவிடுங்கள், மிச்சம் 46,000. பல் எடுத்த இடத்தில் எலும்பு ஆற எப்படியும் 3, 4 மாதம் காத்திருப்பதுதான் வழக்கம். அதனால் அதுவரை பெரிய நஷ்டம் இல்லை. அதற்கு மேல் விட விட எலும்பு இன்னும் மெலியும், பின்னாலிருக்கும் 47 முன்பக்கம் சாயும். அப்போது இம்ப்ளான்ட் போட நினைத்தால் எலும்பு சேர்க்கும் செலவு கூட வரலாம். அதைத் தெரிந்துகொண்டே தள்ளிப் போடுங்கள்.

அடுத்தது கேப். கடவாய்ப் பல்லுக்கு ஜிர்கோனியா கட்டாயம் இல்லை. முழு உலோகக் கேப் 1,500 முதல் 3,500க்குள் பல ஊர்களில் கிடைக்கிறது. பல்லைக் குறைவாக அரைத்தால் போதும், மேலே பீங்கான் இல்லாததால் சில்லு தெறிக்காது. பல் மருத்துவர்களே மறுக்காத உண்மை: மெல்லும் வேலைக்கு உலோகத்துக்கு நிகர் கம்மி. குறை, நிறம்தான். சிரித்தால் தெரியும் என்று அம்மா தயங்கினால் கன்னப் பக்கம் மட்டும் பீங்கான் முகப்பு வைத்துத் தரச் சொல்லலாம். கவரிங் தோடு போட்டால் காது அரிக்கிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். மலிவுக் கேப்பில் பெரும்பாலும் நிக்கல் இருக்கும், கோபால்ட் குரோமியம் கேட்டு வாங்க வேண்டும்.

36க்கு வேர் சிகிச்சை முடிந்தவுடன் கேப்புக்குப் பணம் இல்லையென்றால் பரவாயில்லை. ஆனால் தற்காலிக அடைப்போடு விடக் கூடாது. அந்த வெள்ளைப் பசை சில வாரத்தில் தேய்ந்து கசியும், எச்சில் உள்ளே இறங்கி சிகிச்சையே வீணாகும். வேர் சிகிச்சையோடு நிரந்தர அடைப்பும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். பல்லின் மேல்முனைகளைச் சற்றுக் குறைத்து அடைப்பால் மூடித் தரச் சொன்னால், கேப் வரும்வரை பிளவு விழும் அபாயம் குறையும். அந்தப் பக்கம் முறுக்கு, தட்டை, எலும்பு கடிக்க வேண்டாம். கேப்பை மூன்று மாதத்துக்கு மேல் இழுக்காதீர்கள். கேப் இல்லாத கடவாய்ப் பல் நெடுக்காகப் பிளந்தால் எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

மரக்காணம் உப்பு:

பல்லாங்குழி சொன்னதோடு ஒன்று. 16ம் 46ம் ஜோடி. மேல் 16 மெல்லுவது பெரும்பகுதி கீழ் 46 மேல்தான், கொஞ்சம் 47 மேல். 46ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடப் போகிறீர்கள் என்றால், 16க்கு 21,000 செலவழிப்பது யாருக்காக? அதுக்குக் கடிக்க எதிரே ஆளே பாதிதான். இந்த இரண்டையும் சேர்த்து முடிவு பண்ணணும், தனித்தனி வரியா பார்க்கக் கூடாது.

அதற்காக 16ஐப் பிடுங்கச் சொல்லவில்லை. அதோட பழைய வேர் சிகிச்சை எப்போ பண்ணது? மேல் அடைப்பு நல்லா இருக்கா, உடைஞ்சிருக்கா? எக்ஸ்ரேயில் வேர் நுனியில் தொற்றைக் காட்டும் கறுப்பு நிழல் இருக்குன்னு சொன்னாங்களா?

இடம்: உங்களுக்கு மூணு திசையிலும் கல்லூரி இருக்கு. புதுச்சேரியில் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனம், அரசு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி, இப்போ அரசு கையில். வடக்கே மேல்மருவத்தூரில் ஆதிபராசக்தி, தனியார். சென்னை போக முடிந்தால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தனியார் கல்லூரியிலும் வெளியே இருக்கும் கிளினிக் விலையில் சிறு பங்குதான் வாங்குவாங்க, கேப்புக்கு மட்டும் லேப் செலவைத் தனியா கேட்பாங்க.

முறை இப்படி: காலையில் கதவு திறக்கும்போதே ஓ.பி. சீட்டு போடணும். முதலில் வாய் பரிசோதனைத் துறை, அங்கே எக்ஸ்ரே, அங்கிருந்து பிரிச்சு அனுப்புவாங்க. பல் எடுப்பது ஒரு துறை, ஈறு ஒரு துறை, வேர் சிகிச்சை ஒரு துறை, கேப் இன்னொரு துறை. முதல் நாளிலேயே சிகிச்சை ஆரம்பிக்கும்னு நம்பிப் போகாதீங்க. சில இடத்தில் பல் எடுப்பது மட்டும் அன்றைக்கே நடக்கும். கிளினிக் எக்ஸ்ரே நகல், ஆதார், சர்க்கரை ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு கையில் இருக்கட்டும்.

கடவாய்ப் பல் வேர் சிகிச்சைக்கு முதுநிலை மாணவர் வேணும்னு கேளுங்க. 36க்கு வேருக்குள்ள மூணு, நாலு கால்வாய் இருக்கும், 16 அதைவிடச் சிக்கல்: நாலாவது கால்வாய் மறைஞ்சு கிடக்கும், பழைய சிகிச்சை தோற்பதற்கு அது தவறவிடப்படுவதே முக்கியக் காரணம். பி.டி.எஸ். மாணவர்களுக்கு முன்பற்களைத்தான் பழகக் கொடுப்பாங்க. இன்னொரு விஷயம், முதுநிலை மூணு வருஷப் படிப்பு. கடைசி வருஷக்காரர் கையில் விழுந்தால் பாதியில் தேர்வுக்குப் போயிடுவார், உங்க ஃபைல் அடுத்தவர் மேசையில் தூங்கும். முதல், இரண்டாம் வருஷத்தவர் என்றால் நல்லது. அவர் பேர், கைபேசி எண், துறை ஃபைல் எண் மூணையும் குறிச்சுக்கோங்க.

ஒரு பல்லுக்கே மூணு, நாலு தடவை போகணும், ஒவ்வொரு தடவையும் ஒரு மணிக்கு மேல் வாய் திறந்து உட்காரணும். கல்லூரியில் வேலை கெடுவது திறமையால் இல்லை, ஆள் திரும்ப வராததால். வலி நின்னதும் நிறுத்திடுறாங்க.

ராந்தல்:

சர்க்கரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஹெச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ செய்துகொண்டு போகவும். அது ஏறிக் கிடந்தால் எடுத்த புண் ஆற நாளாகும், பல அறுவைகளை ஒத்திப் போடுவார்கள். பல் எடுக்கும் நாள் காலைச் சாப்பாடும் மாத்திரையும் வழக்கம் போல எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெறும் வயிற்றில் போனால் நாற்காலியிலேயே தலைசுற்றும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, எலும்பு வலுவுக்கு ஊசி எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லவும். தானாக நிறுத்தக் கூடாது.

வீக்கம் தாடைக்குக் கீழே இறங்குவது, வாய் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்கத் தவிப்பது, கூடவே காய்ச்சல்: இதில் ஒன்று வந்தாலும் பல் கிளினிக் தேட வேண்டாம், நேரே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு. முண்டியம்பாக்கம் உங்களுக்குப் பக்கம். 46 அடிக்கடி வீங்குகிறது என்பதால் அதுதான் முதல் வேலை. மாவட்ட, தாலுகா அரசு மருத்துவமனைகளிலேயே பல் மருத்துவர் இருப்பார், பல்லை எடுத்துவிடலாம். கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி வாங்கி வீக்கத்தை அமுக்குவது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. வேர் உள்ளே இருக்கும்வரை அது திரும்ப வரும்.

முதல்வர் காப்பீட்டு அட்டையை நம்பி அலைய வேண்டாம். தாடை எலும்பு முறிவு, வாய்ப் புற்றுநோய் அறுவை போன்றவற்றுக்கு அது உதவும், வேர் சிகிச்சைக்கும் கேப்புக்கும் வராது. வீட்டில் யாருக்காவது மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறதா பாருங்கள். அவரைச் சார்ந்த பெற்றோருக்கும் அங்கே சிகிச்சை உண்டு.

வீடூர் அணை:

மிக்க நன்றி. 16க்கு வேர் சிகிச்சை செய்து ஐந்து வருஷம் இருக்கும், கேப் போடவில்லை. சென்ற பொங்கலுக்கு ஒரு பக்கம் உடைந்தது, பாதி அடைப்பு போய்விட்டது. வேர் நுனியில் சின்ன நிழல் என்று டாக்டர் சொன்னார். இந்த மாதத்துக்குள் முழுப் பணம் கட்டினால் 84,000ஐ 70,000 ஆக்கித் தருகிறார்களாம். இ.எஸ்.ஐ. இல்லை.

46க்கு இம்ப்ளான்ட் வேண்டாம் என்றால், கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் வைக்கலாமா? தெருவில் ஒருவர் 800 ரூபாய்க்கு "ஃபிக்ஸட் பல்" என்கிறார்.

மரக்காணம் உப்பு:

800 ரூபாய் ஆளைத் தாண்டிப் போயிடுங்க. பிளாஸ்டிக் பல்லைப் பக்கத்துப் பற்களோடு கம்பி, பசை வெச்சு ஒட்டுவாங்க. அடியில் சுத்தம் பண்ண முடியாது, நல்லா இருக்கும் 45, 47 ரெண்டும் ஆடிப் போகும். யாரிடம் போனாலும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் பலகையில் இருக்கான்னு பாருங்க.

கழற்றி மாட்டும் ஒற்றைப் பல்லும் கடவாயில் ஆபத்து. சின்னது, சாப்பிடும்போதோ தூக்கத்திலோ விழுங்கிடுவாங்க. வைப்பதானால் கீழ்த்தாடை இரண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரி கொக்கியோட செய்யணும், ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடணும். ஒரே ஒரு பல்லுக்காக அவ்வளவு பெரிசை யாரும் போட்டுக்க மாட்டாங்க, டிராயரில்தான் கிடக்கும். பாலம் போடலாம்: 45, 47ஐ அரைச்சு, நடுவில் 46ஐயும் சேர்த்து ஒட்டின மூணு கேப், விலையும் மூணு கேப் விலை. ஆனா 45, 47 சொத்தை இல்லாம இருந்தா அரைக்க மனசு வராது. அதில் ஏற்கெனவே பெரிய அடைப்பு இருந்தால் பாலம் நியாயம்.

16: அடைப்பு போய் மாசக்கணக்கா எச்சில் இறங்கியிருக்கு, நிழலும் இருக்கு. அதனால பழைய சிகிச்சை மேலேயே கேப் போடுவது தப்பு, கிளினிக் திரும்பச் செய்யணும்னு சொன்னது சரிதான். ஆனா அவசரம் இல்லை. கல்லூரியில் 36 முடிந்ததும் அதே முதுநிலை மாணவரிடம் 16ஐக் காட்டி, ரெண்டு விஷயம் கேளுங்க: உடைஞ்ச சுவர் ஈறுக்கு மேலே நிக்குதா, வேரில் விரிசல் இருக்கா. சுவர் ஈறுக்குள்ள ஆழமா போயிருந்தா கேப் பிடிக்க இடமே இருக்காது, அப்போ அதுக்குச் செலவழிக்க வேணாம். அதுவரை உடைஞ்ச பக்கத்தை கிளாஸ் அயனோமர்னு ஒரு சிமென்ட் அடைப்பு வெச்சு மூடிக்கோங்க, சில நூறு ரூபாய்தான்.

பல்லாங்குழி:

தள்ளுபடியைப் பற்றி: முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள், 70,000 ஆனாலும் சரி. அதில் 38,000 பெறுமானமுள்ள வேலை மூன்று, நான்கு மாதம் கழித்துத்தான் தொடங்கும். அங்கேயே செய்வதானாலும் பல் எண், வேலை, கேப்பின் உலோகம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிய தாளில், அந்தந்த அமர்வுக்கு அந்தந்தப் பணம், ரசீதோடு.

உங்கள் 15,000க்கு இப்படிப் பிரிக்கலாம். இந்த வாரம் அரசு மருத்துவமனையில் 46ஐ எடுப்பது, சர்க்கரைப் பரிசோதனை: போக்குவரத்துதான் செலவு. அடுத்து கல்லூரியில் ஈறு சுத்தம், 36 வேர் சிகிச்சை, நிரந்தர அடைப்பு. சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். ஆடுவது ஏற்கெனவே எலும்பு கரைந்ததால், பற்காரை போனதும் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். இவ்வளவும் முடிந்த பிறகும் 36க்கு உலோகக் கேப் போட 3,000 தாராளமாக மிஞ்சும். மாதம் ஒதுக்கும் 3,000ஐத் தொடாமல் சேர்த்தால் நான்காம் மாதம் 16க்கும் 46க்கும் சேர்த்து முடிவெடுக்கக் கையில் தொகை இருக்கும்.

வேர் சிகிச்சை முடிந்த அன்றே கடைசி எக்ஸ்ரேயைக் கைபேசியில் படம் எடுத்து வாங்குங்கள். கால்வாய் ஒவ்வொன்றிலும் அடைப்பின் வெள்ளைக் கோடு வேர் நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் போய் நிற்க வேண்டும். பாதியில் நின்றாலோ நுனியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலோ அன்றே கேளுங்கள். கேப் ஒட்டும் நாளிலும் அவசரம் வேண்டாம்: ஒட்டுவதற்கு முன் மாட்டிப் பார்த்து, பற்களைக் கடிக்கும்போது கேப் முதலில் இடிக்கிறதா, பக்கத்துப் பல்லுக்கு நடுவே நூல் இறுக்கமாக, அறுந்து போகாமல் இறங்குகிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். நூல் தொளதொளவென்று இறங்கினால் சாப்பாடு சிக்கும். அப்போதே லேபுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லலாம், ஒட்டிய பிறகு அது வெட்டி எடுக்கும் வேலை.