1/24 கார்ல 1/25 இன்ஜின் வச்சா தெரியுமா?

கிட்பித்தன்: ஜப்பான் பிளாஸ்டிக் மாடல் கிட், டாட்சன் 240இசட் கார், 1/24 (நிஜ காரோட 24ல ஒரு பங்கு). உள்ள இன்ஜினே கிடையாது, பானெட்டும் பாடியோட ஒட்டியே வார்த்திருக்கான். கையில ரெவெல் கம்பெனியோட 1/25 கமாரோ கிட் ஒண்ணு சும்மா கிடக்கு, அதோட வி8 இன்ஜினை எடுத்து இதுல உக்கார வச்சா சைஸ் வித்தியாசம் தெரியுமா?

பசைவிரல்: இன்ஜின்ல தெரியாதுங்க, 4% தான், 25 மி.மீ.க்கு 1 மி.மீ. குறையும், அவ்ளோதான். ஆனா 1/25 சேசிஸ் (அடிச்சட்டம்) எதையும் இதுக்கடியில சொருகிடாதீங்க, நிஜ 240இசட் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்) 2305 மி.மீ., 1/24ல 96 வரும் 1/25ல 92 தான், சக்கரம் பாடியில இருக்கற ஆர்ச்சுக்கு (சக்கர வளைவுக்கு) நடுவுல நிக்கவே நிக்காது.

ஓரம்கட்டி: பானெட்டை வெட்ட ரம்பம் வேணாம், கத்தி முதுகால பேனல் லைன்லயே (பானெட்டைச் சுத்தி இருக்கற கோட்டுலயே) கீறிட்டே வாங்க, தானா கழண்டு வரும். குரோம் பார்ட்ஸ ப்ளீச்ல ஊறவச்சு முலாமை எடுத்துட்டு ஒட்டுங்க, இல்லன்னா பிளாஸ்டிக் சிமென்ட் (பசை) பிடிக்காது.

கிட்பித்தன்: ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல உள்ள தடுப்பு)?

பசைவிரல்: அதையும் வெட்டித்தான் ஆகணும், இன்ஜின்ல பின்பக்கம் இருக்கற டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கைப் பிரிச்சுக் குடுக்கற பாகம்) இடிக்கும்.