ஆல்பத்தை வரிசை மாறாமல் கேட்கிறீர்களா?

போரூர் பேஸ்கிட்டார்:
இப்போது எந்த ஆல்பத்தை ரசித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? ஒரே நிபந்தனை: தனிப் பாட்டு வேண்டாம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேட்ட ஆல்பமாக இருக்க வேண்டும். சினிமாவும் வேண்டாம், அதைப் பேச ஊர் முழுக்க இடம் இருக்கிறது.

என்னுடையது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. 1986இல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பணம். வி.எஸ்.நரசிம்மனின் வயலினுக்காகவே ஒரு நல்ல ஹெட்போன் வாங்கலாம். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று வரும். பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா என்ற இசைத் தொகுப்பின் தொடக்கம் அதில் ஓடும், ராஜாவின் இசை அதோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த பகுதியின் பெயர் 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. வீட்டில் பாக்கைச் சந்தித்தேன், பேசினோம். ஒரே வாக்கியத்தை இரண்டு தலைப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார். கலைத்துப் போட்டுக் கேட்டால் சந்திப்பு ஓரிடத்திலும் பேச்சு வேறிடத்திலும் கிடக்கும்.

மயிலை மோகனம்:
நல்ல ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் ஆல்பம் என்ற வடிவத்துக்கு இவ்வளவு மரியாதை எதற்கு? அதைத் தீர்மானித்தது கலைஞன் அல்ல, தட்டு. பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். பெரிய வித்வான்களெல்லாம் ஒரு கீர்த்தனையை அதற்குள் அடக்கிப் பாடிவிட்டுப் போனார்கள். எல்பி என்ற நீண்ட நேரத் தட்டு வந்ததும் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது, ஆலாபனை கொஞ்சம் மூச்சு விட்டது. அவ்வளவுதான்.

நம்மிடம் வரிசை என்று ஒன்று இருக்கிறதென்றால் அது கர்நாடக இசைக் கச்சேரி. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த முறை இன்றும் நிற்கிறது. வர்ணத்தில் தொடங்கி, சின்னக் கீர்த்தனைகளில் சூடுபிடித்து, பிரதான ராகம், தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம், அப்புறம் லேசான துக்கடா, மங்களம். சபையைப் பார்த்துப் பாடகர் நடுவில் ஒன்றை மாற்றவும் செய்வார். அச்சடித்த ஆல்பத்துக்கு அந்த உயிர் வராது. நான் சிபாரிசு செய்வது நேரடிக் கச்சேரிப் பதிவுகளை மட்டுமே. எம்.டி.ராமநாதன் பதிவு எது கிடைத்தாலும் விடாதீர்கள். மெதுவாக நகரும் அந்த விளம்ப காலத்தை ஸ்டுடியோ கடிகாரம் தாங்காது.

ராயபுரம் ரீல்:
அண்ணா, ரெண்டு பேருமே ஊரில் பாதியை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுகிறீர்கள். ஒருவர் ஆல்பம் வேண்டும் என்கிறார், இன்னொருவர் சபா வேண்டும் என்கிறார். கானாவுக்கு எங்கே ஆல்பம்? சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். செத்தவர் பேரையும் அவர் செய்த வேலையையும் சேர்த்து அந்த இடத்திலேயே வரி கட்டுவார்கள், விடிந்தால் அந்தப் பாட்டு முடிந்தது. 'ஆல்பம் மட்டும்' என்று நிபந்தனை போட்டதுமே, ஸ்டுடியோவுக்குக் காசு கட்ட முடிந்தவன் மட்டும்தான் உள்ளே வர முடியும் என்று ஆகிவிடுகிறது.

சினிமா வேண்டாம் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. சென்னையில் 'ஆல்பம் கேட்டியா?' என்றால் பட ஆல்பம்தான். எங்கள் பக்கம் கானா நிறையப் பேர் காதுக்குப் போனதே படம் வழியாகத்தான்.

போரூர் பேஸ்கிட்டார்:
@ராயபுரம் ரீல், சினிமாவைத் தாழ்த்தவில்லை தம்பி. பட ஆல்பத்தின் பாட்டு வரிசைக்குப் பின்னால் இசையமைப்பாளரின் யோசனை இல்லை என்பதுதான் என் வாதம். படத்தில் ஒரு வரிசையில் வரும், கேசட்டில் வேறு வரிசையில் வரும், எது ஹிட்டாகுமோ அது முன்னால் போகும். அதே ராஜா படத்துக்கு வெளியே வந்தால் என்ன செய்கிறார் பாருங்கள். 2005இல் வந்த 'திருவாசகம்'. ஆறு பகுதிகள், புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு, ஆங்கில வரிகள் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். 'பொல்லா வினையேன்' மட்டுமே 20 நிமிடத்தைத் தொடும். 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று பிறவிகளை அடுக்கும் சிவபுராண வரிகள் அதில்தான் வருகின்றன. அவ்வளவு நீளம் கொடுத்தால்தான் அந்த அடுக்கின் களைப்பு நமக்கும் தெரிகிறது. நாலு நிமிடப் பாட்டில் அது நடக்காது.

கானா பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் 'தெருக்குரல்' கொண்டுவந்தபோது ஆல்பம் என்ற வடிவத்தைத்தானே எடுத்துக்கொண்டார்கள்? அதில் ஒரு பாட்டை மட்டும் உருவிக் கேட்டால் கோபம் மட்டும் தெரியும், அதன் காரணம் தெரியாது.

குரோம்பேட்டை காலை:
இத்தனை பேர் ஆல்பத்தை இறக்குமதிச் சரக்கு போலவே பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1963இல் வெளிவந்த எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதத்தை இந்த ஊர் எப்படிக் கேட்கிறது? சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம். வரிசை மாற்றிப் போட்டால் எங்கள் தெருவில் தூக்கத்தில் இருப்பவர்கூட எழுந்து வந்து கேட்பார். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமும் அப்படியே, பாதியில் நிறுத்த யாருக்கும் மனசு வராது. இசை தெரியும் என்று சொல்லிக்கொள்ளாத வீடுகளில்தான் முழுசாகக் கேட்கும் பழக்கம் இத்தனை வருடமாக இருக்கிறது. டீக்கடையில், மளிகைக் கடையில், ஆட்டோவில்.

மயிலை மோகனம்:
@குரோம்பேட்டை காலை, அது பாராயணம் அம்மா. பக்திக்காகக் கேட்பதும் இசைக்காகக் கேட்பதும் ஒன்றா?

குரோம்பேட்டை காலை:
ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும்? பெரும்பாலான சுலோகங்களில் கடைசி அடி 'தவ சுப்ரபாதம்' என்று திரும்பத் திரும்ப வந்து விழும் இடத்தைக் கவனியுங்கள். குரலில் அவசரமும் இல்லை, அலுப்பும் இல்லை. அந்த நிதானத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குச் சுருதி என்றால் என்னவென்று புரிந்தது. எந்த சபாவும் சொல்லித் தரவில்லை.

ராயபுரம் ரீல்:
அம்மா சொல்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு விஷயம் சேர்க்கிறேன். கேசட் காலத்தில் ரெக்கார்டிங் கடைக்குப் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போவார்கள், 60 அல்லது 90 நிமிட கேசட்டில் நமக்குப் பிடித்த வரிசையில் பதிந்து தருவார்கள். 'ஏ' பக்கம் முடியும்போது பாட்டு பாதியில் வெட்டுப்படாமல் கணக்குப் போடுவது அந்தக் கடைக்காரர் வேலை. எங்கள் வீட்டிலும் அப்படிச் சில கேசட்டுகள் இருந்தன. வரிசை போடும் உரிமை இசையமைப்பாளருக்கு மட்டும்தான் என்று இந்த ஊர் என்றைக்கும் ஒத்துக்கொண்டதில்லை. பாட்டைக் கலைத்துப் போடும் நாங்கள் இசையை மதிக்காதவர்கள் இல்லை. எங்களுக்கும் ஒரு வரிசை இருக்கிறது.

கேட்டதற்குச் சிபாரிசு: அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி', 2024. பாட்டியின் பெயரைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சியிலிருந்து இந்த ஆல்பம் வரை வந்த தூரத்தை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

மயிலை மோகனம்:
ஆல்பம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஸ்டுடியோ ஆல்பத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டுமென்றால் இந்திய இசையையும் ஜாஸையும் கலக்கும் சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்', 2023. 1977க்குப் பிறகு சக்தி என்ற பெயரில் வந்த ஸ்டுடியோ ஆல்பம், 2024இல் கிராமி வாங்கியது. அந்த வருட டிசம்பரில் ஜாகிர் உசேன் போய்விட்டார். அவர் தபலாவும் நம்ம செல்வகணேஷின் கஞ்சிராவும் கணக்குப் பேசும் இடங்களில் நான் கையில் தாளம் போடாமல் இருந்ததில்லை. அங்கேகூட என் மனசு தேடுவது இதே குழு மேடையில் வாசித்ததைத்தான்.

போரூர் பேஸ்கிட்டார்:
கேசட் கடை வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனக்குப் பிடித்ததை மட்டும் வரிசை கட்டுகிறவன் முதல் தடவை பிடிக்காமல் போன பாட்டுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுப்பதே இல்லை. 'ஹவ் டு நேம் இட்?'இல் வரும் 'டோன்ட் கம்பேர்' எனக்கு ஆரம்பத்தில் ஒட்டவே இல்லை. வரிசையில் வந்ததால்தான் மறுபடி மறுபடி காதில் விழுந்து இன்றைக்கு அதுவே எனக்குப் பிடித்த பகுதியாக இருக்கிறது.

தம்பி, 'வள்ளியம்மா பேராண்டி'யை இந்த வாரம் முதலிலிருந்து கேட்கிறேன். பதிலுக்கு நீங்கள் 'திருவாசகம்' கேளுங்கள். பாதியில் நிறுத்தினால் எந்த இடத்தில், ஏன் நிறுத்தினீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.